லாஸ்ட் ஹிட் மட்டுமே எடுத்தும் மினியன் அலை ஏன் எதிரி டவர் பக்கமே போய்விடுகிறது?

தனிவழி கேட்டது:

வணக்கம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கணினி விளையாட்டில் பெரும்பாலும் டாப் லேனில் (மேல்பக்க வழியில்) டேரியஸ் அல்லது காரென் என்ற சாம்பியனை எடுத்து விளையாடுகிறேன். லாஸ்ட் ஹிட் எடுப்பதில் ஓரளவு கை பழகிவிட்டது. ஆனால் மினியன் அலை (தானாக நடந்து சண்டையிடும் சிறு படைவீரர்களின் கூட்டம்) எங்கே நிற்கும், எப்போது எந்தப் பக்கம் நகரும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அலையைத் தள்ளக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு மினியனும் சாகும் தறுவாயில் ஒரே ஒரு அடி கொடுத்து, கோல்டை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறேன். அப்படியிருந்தும் சில நிமிடங்களில் என் மினியன்கள் எதிரியின் டவரை (தானே சுடும் காவல் கோபுரத்தை) நெருங்கிவிடுகின்றன. அவற்றின் பின்னால் நானும் போனால் எதிரி ஜங்கிளர் (லேன்களுக்கு இடையிலுள்ள காட்டில் திரிபவர்) வந்து வழியை மறிக்கிறார். போகாமல் நின்றால் எதிரி அலையை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு என்னை ஒரு மினியனையும் தொடவிடுவதில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. எதிரி சாம்பியனை நான் ஒரு முறை அடித்தாலே அவருடைய மினியன்கள் அத்தனையும் என்மீது பாய்கின்றன. அவர் தூரத்திலிருந்து ஸ்கில்லை எறிந்து என்னைத் தாக்கும்போது மட்டும் என் மினியன்கள் எதுவும் நடக்காததுபோல் தங்கள் சண்டையைத் தொடர்கின்றன. மினியன்கள் எதை வைத்து இலக்கைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை யாராவது விளக்க முடியுமா?

அலையெண்ணி எழுதியது:

நண்பரே, நீங்கள் இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதற்கான விடையிலேயே முதலாவதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

மினியனுக்கென்று ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. தன் அணிச் சாம்பியனை எதிரிச் சாம்பியன் ஒருவர் அருகிலேயே தாக்கினால், மினியன் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அவரை நோக்கித் திரும்பும். இதுதான் வரிசையின் உச்சி. அதற்கு அடுத்தபடி தன் அணிச் சாம்பியனைத் தாக்கும் எதிரி மினியன், பிறகு தன் பக்க மினியனைத் தாக்கும் எதிரி மினியன், பிறகு தன் பக்க மினியனைத் தாக்கும் டவர், அதற்கும் பிறகே தன் பக்க மினியனைத் தாக்கும் எதிரிச் சாம்பியன் வருகிறார். இவற்றில் எதுவுமே இல்லாதபோது அருகிலிருக்கும் எதிரி மினியனையும், அதுவும் இல்லாவிட்டால் அருகிலிருக்கும் எதிரிச் சாம்பியனையும் தாக்கும். ஆகவேதான் நீங்கள் எதிரியின் மினியன்களை எவ்வளவு அடித்தாலும் அவை உங்களைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை; அவர்களுடைய சாம்பியனைத் தொட்ட மாத்திரத்தில் கூட்டமாகத் திரும்புகின்றன.

எல்லாத் தாக்குதலும் இந்த விதியில் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண அடியும், ஆனி என்ற சாம்பியனின் கியூ (Q விசையில் ஏவும் ஸ்கில்) போல ஒருவரைச் சுட்டிக் காட்டி ஏவும் ஸ்கில்லும் மினியன்களைத் திருப்பும். எஸ்ரியலின் கியூ போலத் திசை பார்த்து எறியும் ஸ்கில்லோ, ஓர் இடத்தின் மீது விழும் ஸ்கில்லோ திருப்பாது. உங்கள் எதிரி எறிந்து அடிக்கும் சாம்பியனை எடுத்திருந்தால், உங்கள் மினியன்கள் சும்மா இருந்ததற்கு அதுவே காரணம். (டவர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. டவர் எல்லைக்குள் எதிரிச் சாம்பியனுக்கு எந்த வகையில் சேதம் விளைவித்தாலும் அது உங்களைத்தான் குறிவைக்கும். மினியனிடம் தப்பிய பழக்கத்தை டவரிடம் காட்டிப் பலர் உயிரை விடுகிறார்கள்.)

இனி உங்கள் முதல் கேள்வி. எதிரியை ஒரு முறை அடிக்கிறீர்கள். அவருடைய மூன்று கேஸ்டர் மினியன்கள் (பின்னால் நின்று சுடுபவை) உங்கள் பக்கம் திரும்புகின்றன. நீங்களும் சண்டையைத் தொடர்ந்து ஆறு விநாடி அங்கேயே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேஸ்டர் ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை சுடும். ஆக மூன்றும் சேர்ந்து 12 அடிகளை உங்கள்மேல் செலவழித்துவிட்டன. தொடக்க நிலையில் ஓர் அடியின் அளவு 20-க்குச் சற்று மேல் என்பதால், மொத்தம் 250-ஐத் தாண்டும். ஒரு கேஸ்டரின் முழு உயிரே 300-க்குச் சற்றுக் குறைவுதான். அதாவது, அந்த ஆறு விநாடியில் உங்கள் மினியன்கள் வாங்க வேண்டிய, ஏறக்குறைய ஒரு மினியனையே கொல்லத்தக்க சேதத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு மினியன் கூடுதலாகப் பிழைத்தால் அது அடுத்த எதிரி மினியனைச் சீக்கிரம் கொல்லும். அதனால் இன்னொன்று பிழைக்கும். இந்தச் சிறு வித்தியாசம் வட்டிக்கு வட்டிபோல ஏறி, இரண்டு மூன்று அலைகளுக்குள் உங்கள் படையை எதிரி டவர் வரை கொண்டுபோய்விடுகிறது. நீங்கள் தள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் எதிரியின் மினியன்கள் தள்ளாதபடி பார்த்துக்கொண்டீர்கள், விளைவு இரண்டுக்கும் ஒன்றே.

இதோடு உங்கள் சாம்பியன் தேர்வும் சேர்ந்துகொள்கிறது. டேரியஸின் கியூவும் காரெனின் சுழற்சியும் சுற்றியுள்ள அனைத்தையும் வெட்டுபவை. எதிரியைக் குறிவைத்துச் சுழற்றினாலும் பக்கத்திலிருக்கும் மினியன்களும் அடிபடும். சண்டையை மினியன் கூட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளாமல், முடிந்தவரை பக்கவாட்டில் விலகிய பிறகு தொடங்குங்கள். அடித்து முடித்ததும் புதருக்குள் நுழைந்தால் மினியன்கள் உங்களைப் பார்க்க முடியாமல் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். டாப் லேனில் புதர் ஓரமாகவே நின்று விளையாடுபவர்கள் மறைந்து தாக்குவதற்காக மட்டும் அங்கே நிற்பதில்லை.

பின்வரிசை எழுதியது:

மேலே எழுதியவர் இலக்கு விதியை நன்றாகச் சொல்லிவிட்டார். அலை நிற்கும் இடத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஏனெனில் இலக்கு விதியை மட்டும் தெரிந்துகொண்டவர் சண்டையில் தேறலாம், லேனில் தேற முடியாது.

சாதாரண அலையில் மூன்று மெலீ (முன்னால் நின்று அடிக்கும் மினியன்கள்), மூன்று கேஸ்டர். தொடக்கக் கட்டத்தில் மூன்று அலைக்கு ஒரு முறை கேனன் என்ற பெரிய மினியன் ஒன்று சேரும். ஆட்டம் நீள நீள அது அடிக்கடி வரத் தொடங்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் புறப்படுவதால், யாரும் தொடாவிட்டால் லேனின் நடுவில்தான் சந்திக்கும். இப்போது சண்டை உங்கள் டவர் பக்கமாக நகர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த அலை குறைந்த தூரம் நடந்து சீக்கிரம் வந்து சேரும். எதிரியின் அலை நெடுந்தூரம் நடந்து தாமதமாக வரும். அந்த இடைவெளியில் உங்கள் பக்கத்துக்கு ஆள்பலம் கூடிவிடும். ஆகவே, அலை எந்த டவரை நெருங்குகிறதோ அந்த டவருக்கு உரியவரின் மினியன்களே அதை மறுபடி வெளியே தள்ளப் பார்க்கும். இந்த இயல்பான எதிர்ப்பைத் தெரிந்துகொண்டால் அலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸ் என்பது மாயமாகத் தோன்றாது.

ஃப்ரீஸ் செய்ய விரும்பினால், உங்கள் டவரின் எல்லைக்குச் சற்று வெளியே எதிரி மினியன்கள் உங்கள் மினியன்களைவிட மூன்று நான்கு கூடுதலாக இருக்கும்படி விட்டுவைக்க வேண்டும். உங்கள் அலை முந்தி வந்து சேர்வதால் கிடைக்கும் பலத்தை அந்தக் கூடுதல் மினியன்கள் ஈடுகட்டிவிடும். அலை இருந்த இடத்திலேயே நிற்கும். கூடுதலாக நிற்பவை கேஸ்டர்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் அவை பின்னால் நின்று நெடுநேரம் உயிரோடிருக்கும். உங்கள் அலை வந்து சேர்வதற்குள் எதிரி மினியன்கள் டவருக்குள் நுழைந்துவிடும்போல் இருந்தால், நீங்களே முன்னால் போய் நின்று அவற்றின் அடியை வாங்கிக்கொண்டு பிடித்து வைக்க வேண்டும். உங்கள் எதிரி உங்களுக்குச் செய்வது இதைத்தான். அவருக்கு இது கைகூடுவதற்குக் காரணம், உங்கள் அலை அவருடைய டவருக்குள் முழுமையாகப் போய் மோதாமல் அதன் வாசலிலேயே நின்றுவிடுவது.

பாதி தூரம் தள்ளிவிட்டு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. தள்ளத் தொடங்கிவிட்டால் டவரில் மோதும் வரை தள்ளிவிடுங்கள். டவர் உங்கள் மினியன்களைக் கொல்லும். எதிரியின் அடுத்த அலை சேதமில்லாமல் முன்னேறி உங்கள் பக்கம் வரும். சற்று நேரத்தில் அலை தானாகவே உங்களை நோக்கித் திரும்பியிருக்கும். டவருக்குள் மோதிய அலையை எதிரியால் ஃப்ரீஸ் செய்ய முடியாது, டவர் யாரையும் கேட்டுக்கொண்டு சுடுவதில்லை.

தொடக்கத்தில் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனியாக லேனில் நிற்பவருக்கு முதல் அலையின் ஆறு மினியன்களோடு இரண்டாம் அலையின் முதல் மெலீயும் செத்தால் லெவல் இரண்டு கிடைத்துவிடும். அதை எதிரிக்கு முன்னால் எட்டிய டேரியஸ் அந்தச் சில விநாடிகளில் லேனையே முடித்துவிடலாம். ஆகவே, தள்ளுவதே தவறு என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தனிவழி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கூட்டத்தின் நடுவில் நின்றுதான் இத்தனை நாளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்பதால், அந்த ஆறு விநாடிக் கணக்கு நன்றாகப் புரிந்தது. அலை என் பக்கம் திரும்பி வந்தால் டவருக்கு அடியில் லாஸ்ட் ஹிட் எடுக்க வேண்டியிருக்குமே; அங்கே பாதியை டவரே கொன்றுவிடுகிறது. அதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா? மேலும், அலையை மோதவிட்டுவிட்டு எப்போது ரீகால் செய்வது (பொருள் வாங்கத் தளத்துக்குத் திரும்புவது)?

மிட்காவலர் எழுதியது:

டவருக்கடியில் லாஸ்ட் ஹிட் எடுப்பதற்குத் திட்டமான ஒழுங்கு உண்டு. டவரின் ஒரு குண்டு மெலீ மினியனின் முழு உயிரில் 45 விழுக்காட்டையும், கேஸ்டருடையதில் 70 விழுக்காட்டையும் எடுத்துவிடும். மெலீ மீது டவர் இரண்டு முறை சுட்டபின் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அப்போது நீங்கள் ஓர் அடி கொடுத்தால் போதும். கேஸ்டருக்கு ஒரு குண்டு விழுந்தபின் 30 விழுக்காடு மிஞ்சும். தொடக்க லெவல்களில் ஓர் அடியால் அதை முடிக்க முடியாது, இன்னொரு குண்டு விழுந்தால் செத்துவிடும். ஆகவே கேஸ்டரை டவர் சுடுவதற்கு முன்பே நீங்கள் ஒரு முறை அடித்துவிட வேண்டும், டவர் ஒரு முறை சுடட்டும், பிறகு நீங்கள் அடித்து முடியுங்கள். உங்கள் சேதம் கூடியபின் முதல் அடி தேவைப்படாது.

இந்தக் கணக்கு முழு உயிரோடு வரும் மினியனுக்கே பொருந்தும். ஏற்கெனவே உங்கள் மினியனிடம் இரண்டு அடி வாங்கிய மெலீயை இரண்டாம் குண்டே கொன்றுவிடலாம். அப்படிப்பட்டதை முதல் குண்டுக்குப் பிறகே அடித்து முடிக்கப் பாருங்கள். டவர் கேனனை முதலிலும், பிறகு மெலீயையும், கடைசியில் கேஸ்டரையும் குறிவைக்கும் என்பதால், அது கேனனைச் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை வீணாக்காமல் பின்னால் நிற்கும் கேஸ்டர்களுக்கு ஒவ்வோர் அடி கொடுத்துத் தயார் செய்துகொள்ளலாம். கேனன் பல குண்டுகளைத் தாங்கும். அதற்கான நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

கேனன் தப்பிவிட்டதே என்று புலம்புபவர்கள் கணக்கைப் பார்த்தால் ஆறுதல் கொள்ளலாம், அல்லது இன்னும் புலம்பலாம். மெலீக்கு 21 கோல்டு, கேஸ்டருக்கு 14. ஆக கேனன் இல்லாத அலை முழுவதற்கும் 105. ஒரு கேனன் மட்டுமே அந்த அலையில் பாதிக்கு மேல் பெறுமானம் உள்ளது.

பழையகிரீப் எழுதியது:

நான் டோட்டா 2 ஆடுபவன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இலக்கு விதி அங்கே வேறு மாதிரி என்பதைச் சொல்லாவிட்டால், இரண்டையும் ஆடுபவர்கள் குழம்புவார்கள். டோட்டாவில் எதிரி ஹீரோவைத் தாக்கும்படி நீங்கள் கட்டளையிட்டாலே, அடி விழாவிட்டாலும், அருகிலுள்ள எதிரி கிரீப்கள் (மினியன்களுக்கு அங்குள்ள பெயர்) உங்கள்மேல் திரும்பும். தேர்ந்தவர்கள் இதை வேண்டுமென்றே செய்து, கிரீப்களைத் தங்கள் பக்கம் இழுத்து வந்து லாஸ்ட் ஹிட் எடுப்பார்கள். லீக்கில் தண்டனையாக இருப்பது அங்கே கருவி. உயிர் பாதிக்குக் கீழே போன தன் பக்க கிரீப்பைத் தானே கொன்று, எதிரிக்குக் கோல்டு கிடைக்காமலும் அனுபவப் புள்ளி குறையும்படியும் செய்யும் டினை என்ற உத்தியும் உண்டு. அதனால் அங்கே அலையின் சமநிலை இரு கையாலும் திருத்தப்படுகிறது.

லேன், கிரீப், டவர் என்ற இந்த அமைப்பே ஸ்டார்கிராஃப்டுக்கு ரசிகர்கள் செய்த ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப் என்ற வரைபடத்தில் தொடங்கி, வார்கிராஃப்ட் 3-க்கான டோட்டா வழியாக வந்தது. 2009-இல் வெளியான லீக், டினையை எடுத்துவிட்டுப் புதர்களைக் கொண்டுவந்தது. எனக்குப் பழையதே பிடிக்கும் என்பதை மறைக்கப்போவதில்லை.

அலையெண்ணி எழுதியது:

டினை பற்றிய விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். பின்வரிசை எழுதிய ஃப்ரீஸ் விளக்கம் சரியானது. ஆனால் தொடக்க நிலையில் ஆடுபவருக்கு அதை முதல் ஆயுதமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ரீஸ் செய்பவர் லேனை விட்டு நகர முடியாது. எதிரி சலித்துப்போய் வேறு லேனுக்குச் சென்று இரண்டு கொலை எடுத்துவிட்டால், நீங்கள் காத்த அலைக்கு என்ன பயன்? ஒரு கேனன் அலை வந்து சேர்ந்தாலே எண்ணிக்கைக் கணக்கு மாறிவிடும். அதைக் கவனித்துத் திருத்தத் தெரியாதவரின் ஃப்ரீஸ் அரை நிமிடத்தில் உடையும். அவர் முதலில் பழக வேண்டியது மெதுவாகத் தள்ளி மோதவிடும் ஸ்லோ புஷ்.

பின்வரிசை எழுதியது:

எதிரியைவிடக் கோல்டில் முந்தியிருக்கும்போது ஃப்ரீஸ் அளவுக்குக் கொடுமையான ஆயுதம் டாப் லேனில் வேறில்லை என்றே இன்னமும் சொல்வேன். அவர் மினியனைத் தொடவும் வர முடியாது, ஜங்கிளரின் துணையில்லாமல் உடைக்கவும் முடியாது. எனினும் ரீகால் பற்றிய கேள்விக்கு ஸ்லோ புஷ்தான் விடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நீங்களே எழுதிவிடுங்கள்.

அலையெண்ணி எழுதியது:

எழுதுகிறேன். கேனன் வரும் அலைக்கு இரண்டு அலைகள் முன்பிருந்தே ஆயத்தம் தொடங்குகிறது. முதல் அலையில் எதிரியின் கேஸ்டர்களை முதலில் கொல்லுங்கள். பின்னால் நின்று அடி வாங்காமலே நெடுநேரம் சுடுபவை அவைதாம். மெலீக்களை உங்கள் மினியன்களிடம் விட்டுவிட்டு லாஸ்ட் ஹிட் மட்டும் எடுங்கள். உங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று மினியன்கள் மிஞ்சி மெதுவாக முன்னேறும். பின்னாலிருந்து வரும் இரண்டாம் அலை அவற்றோடு சேரும். இரண்டாம் அலையிலும் அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டத்தில் உங்களைச் சுற்றிப் பெரிய படை நிற்பதால் எதிரி சண்டைக்கு வரத் தயங்குவார். வந்தால் நல்லது, முன்பு உங்களைத் தின்ற விதி இப்போது அவரைத் தின்னும்.

கேனனுடன் மூன்றாம் அலை வந்து சேர்ந்தபின் வேகத்தைக் கூட்டி, சுழற்சி, கியூ எல்லாவற்றையும் மினியன்கள்மேல் பயன்படுத்தி, மொத்தத்தையும் டவருக்குள் அனுப்பிவிடுங்கள். டவர் முதலில் கேனனைச் சுடுவதால் மற்றவை உடனே சாவதில்லை; அத்தனையையும் கொன்று கோல்டு எடுக்க எதிரி டவரடியிலேயே நிற்க வேண்டும். நீங்கள் ஆற்றைத் தாண்டி உங்கள் பக்கத்துப் பாதுகாப்பான புதருக்குள் வந்து ரீகாலை அழுத்துங்கள். எதிரி மினியன்களின் அடுத்த அலை நடுவைத் தாண்டி வந்து உங்கள் அலையோடு மோதும்போது, பொருள் வாங்கிக்கொண்டு நீங்கள் லேனில் பாதி தூரம் வந்திருப்பீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அலை பெரிதாகிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் எதிரி ஜங்கிளரும் உங்களைத் தேடி வருவார், ஏனெனில் அலை எங்கே போகிறது என்பது அவருக்கும் வரைபடத்தில் தெரியும். ஆற்றிலுள்ள புதரில் வார்டு (சுற்றுப்புறத்தைக் காட்டும் கண்காணிப்புக் கருவி) வைக்காமல் மூன்றாம் அலையைத் தொடாதீர்கள்.

தனிவழி எழுதியது:

வார்டு முதல் அலையின்போதே வைத்தால் கேனன் வருவதற்குள் காலாவதியாகிவிடாதா?

மிட்காவலர் எழுதியது:

சாதாரண வார்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும். அலைகள் அரை நிமிட இடைவெளியில் வருகின்றன. இரண்டாம் அலை நடுவில் மோதத் தொடங்கும்போது வைத்துவிட்டு வாருங்கள்; நீங்கள் டவரில் மோதவிட்டு விலகும் வரை அது கண்காணிக்கும். வைக்கப் போகும் அந்த நேரத்தில் ஒரு கேஸ்டரின் 14 கோல்டு போனாலும் போகட்டும்.